டைம் ஆபீஸ் காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள்: மூடிய பஞ்சாலையின் கலைப்பு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலைப்பு அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பஞ்சாலையின் மிச்ச மீதிக்கு நீங்கள் வெளியிட்ட ஏலப் பட்டியலில், உடைந்த மின்விசிறிகளுக்கும் பழைய பாபின் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு வரி இருக்கிறது: ‘டைம் ஆபீஸ் பழைய காகிதம், பைண்டு செய்ததும் உதிரியும், இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்.’ டைம் ஆபீஸ் என்பது தொழிலாளர் வருகையைக் குறித்து வைத்த அலுவலகம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். ஆலையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். தவிர, இதே வரி இன்னும் எத்தனையோ ஊர்களின் ஏலப் பட்டியலில் வரக்கூடியது.

ரிங் பிரேம் என்ற நூற்பு எந்திரத்தை விற்பதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. இரும்பு போகட்டும். காகிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் குடும்பத்தின் தடத்தைத் தேடி வரும்போது உடனிருந்து தேடிக் கொடுப்பவர்கள் நாங்கள். அந்த அறையில் எது எங்கே இருக்கும், எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் எடைக்குப் போட இருப்பது என்னவென்று சொல்கிறோம்.

ஆலைக்குள் டிக்கெட் நம்பர்தான் ஆள்; பெயர் அதற்கு அப்புறம். ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன். மேலே ஆணியில் மாட்ட ஒரு துளை, அதன் கீழே இலாகாவின் எழுத்து, அதற்கும் கீழே எண். சங்கு ஊதியதும் டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். டைம் கீப்பர் அதை எண்ணி மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், குறிப்பார். இந்த டோக்கன்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில், அஞ்சறைப் பெட்டியிலும் சாமி படத்தின் பின்னாலும் கிடக்கின்றன. தாத்தாவைப் பற்றிக் குடும்பத்திடம் மிஞ்சிய ஒரே பொருளாக அதைத்தான் கொண்டுவருகிறார்கள். டோக்கன் மட்டும் ஒன்றும் சொல்லாது. ஒருவர் வேலையை விட்டால் அவர் எண் அடுத்து வந்தவருக்குப் போகும். ஸ்பின்னிங் 214 என்பது வெவ்வேறு காலத்தில் மூன்று பேராக இருக்கலாம். இலாகா, எண், ஆண்டு மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் கிடைப்பார். ஆண்டைச் சொல்லக்கூடியது மஸ்டர் ஒன்றுதான்.

தேடும் வரிசை இதுதான். டோக்கனிலிருந்து இலாகாவும் எண்ணும் கிடைக்கின்றன. எந்த ஆண்டு மஸ்டரில் தேடுவது என்பதைக் குடும்பத்தின் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். தேதி யாருக்கும் நினைவிருக்காது. பெரிய ஸ்டிரைக், முதல் போனஸ், மூன்றாவது பிள்ளை பிறந்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு வைத்து, மாதத்துக்கு ஒரு மஸ்டர் பக்கம் பார்த்தால் இனிஷியலோடு பெயர் அகப்படும். அங்கிருந்து தொழிலாளர் பதிவேட்டுக்குப் போக வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 62-ஆம் பிரிவு வைத்திருக்கச் சொன்ன பதிவேடு அது: பெயர், வேலை, குழு, ஷிப்ட். பிறகு சர்வீஸ் கார்டு. தகப்பன் பெயர், சொந்த ஊர், அங்க அடையாளம், பெருவிரல் ரேகை, கொண்டுவந்து சேர்த்த மேஸ்திரியின் பெயர் எல்லாம் அதில்தான். கடைசியாக பி.எஃப். படிவம் 2, அதாவது தனக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுக்கும் நாமினேஷன். மனைவி, பிள்ளைகள், வயது, உறவுமுறை என்று ஒரு குடும்பம் முழுவதும் ஒரே தாளில் வந்துவிடும்.

வருங்கால வைப்புநிதித் திட்டம் 1952 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது அதற்குள் வந்த முதல் ஆறு தொழில்களில் நெசவும் நூற்பும் அடங்கிய ஜவுளித் தொழில் ஒன்று. ஆகவே பஞ்சாலையில் இந்தத் தாள்கள் அந்தக் காலத்திலிருந்தே இருக்க நியாயம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத, வீட்டில் ஒரு கடிதம்கூட விட்டுச்செல்லாத தலைமுறைக்கு இதைவிடப் பழைய குடும்பப் பட்டியல் எங்கே கிடைக்கும்?

ஒரு பதிவேடு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எழுதிய கிளார்க்குக்குக் கிளார்க் எழுத்துக்கூட்டல் மாறும். அழகர் ஒரு பதிவேட்டில் ‘எல்’ போட்டு இருப்பார், இன்னொன்றில் ‘இசட் எச்’ போட்டு. சண்முகம் ‘சி’யிலும் வருவார், ‘எஸ்’ஸிலும் வருவார். ஒரே இலாகாவில் நான்கு எம். மாடசாமி இருப்பது சாதாரணம். நூல் சுற்றும் இலாகாக்களான ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் இருந்த பெண்கள் சேரும்போது தகப்பன் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவன் இனிஷியல். இரண்டும் ஒரே பெண் என்று காட்டுவது டிக்கெட் நம்பர் மட்டுமே. மகப்பேறு உதவிப் பதிவேடு இருந்தால் பிள்ளை பிறந்த தேதியும் கிடைக்கும். சென்னை மாகாணத்தில் மகப்பேறு உதவிக்குத் தனிச் சட்டம் 1934-லேயே வந்துவிட்டது. பெண் தொழிலாளியின் வாழ்க்கையில் ஒரு நாளைத் துல்லியமாகச் சொல்லும் ஏடு அந்தக் காலத்தில் அதுதான்.

பதிலிகள் இன்னும் சிக்கல். நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் நின்றவர் பதிலி. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்துவிட்டவரை, லே-ஆஃப் (ஆலை தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத) கால இழப்பீட்டுக்குப் பதிலியாகக் கருதக் கூடாது என்று தொழில் தகராறு சட்டம் 25-சி பிரிவின் விளக்கத்திலேயே இருந்தது. அவர்களுக்குப் பெரும்பாலும் சர்வீஸ் கார்டு கிடையாது. தனி பதிலி மஸ்டர் மட்டும்தான். பெரும்பாலும் தைக்காத உதிரித் தாள். உங்கள் பட்டியலில் ‘உதிரி’ என்று இருப்பது அதுவாகத்தான் இருக்கும். ‘எங்க அப்பா இருபது வருஷம் மில்லுல இருந்தாரு, பேரே இல்லைங்கறாங்க’ என்று வருகிற குடும்பங்களுக்கு நாங்கள் முதலில் புரட்டுவது அந்த உதிரிக் கட்டைத்தான். பைண்டு செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு உதிரியைத் தள்ளிவிடலாம் என்று யாராவது உங்களிடம் யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பம் சொல்லும் வயதும் பதிவேட்டு வயதும் ஒத்துப்போகாது. பதிவேடு பொய் என்று முடிவுகட்டிவிடுவார்கள். தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்களின் ஆலை எழுந்த 1880-களில், நடப்பில் இருந்தது 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். ஏழு வயதுக்குக் கீழே வேலை கொடுக்கக் கூடாது என்பதே அன்றைய கட்டுப்பாடு. 1891-இல் அது ஒன்பது ஆயிற்று, 1922-இல் பன்னிரண்டு, 1948-இல் பதினான்கு. ஒவ்வொரு முறை வரம்பு ஏறியபோதும், வாசலில் நின்ற பையனின் வயதும் கூடவே ஏறியது. பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்தபின் கோவை வட்டாரத்தில் பெருகிய ஆலைகளிலும், 1944-இல் பாபநாசம் மின்சாரம் வந்தபின் தெற்கே ஓடிய ஆலைகளிலும் வேலை தேடி வந்த பையன்களின் வயதை இந்தக் கணக்கை வைத்துத்தான் படிக்க வேண்டும். சேரும்போது கூட்டிய இரண்டு வருஷத்தை ஓய்வுபெறும்போது ஆலை கழித்துக்கொண்டது, அது வேறு கதை. மருத்துவர் கொடுத்த தகுதிச் சான்று கோப்பில் இருந்தால் மதிப்பிட்ட வயது எது, சொன்ன வயது எது என்று பிரித்துவிடலாம். பிறந்த தேதி என்ற இடத்தில் வரிசையாக ஜூலை 1 என்று இருந்தால் ஆண்டை மட்டும் நம்புங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு அப்படி எழுதுவது வழக்கம்.

மஸ்டர் பக்கம் ஒன்றை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இடப்புறம் எண்ணும் பெயரும், வலப்புறம் 31 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. வந்தால் ‘பி’, வராவிட்டால் ‘ஏ’. திடீரென்று ஒரு நாளிலிருந்து ஓர் இலாகா முழுக்க மேலிருந்து கீழ் வரை ‘ஏ’ இறங்கியிருந்தால் அது வேலைநிறுத்தம். அதில் ஒரே ஒரு வரியில் மட்டும் ‘பி’ இருந்தால் அது யார் என்பதும் ஊருக்குத் தெரியும். 1908 பிப்ரவரி முடிவில் தூத்துக்குடி கோரல் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் என்றதும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நினைவுக்கு வருகிறார்கள். அன்று சங்கு ஊதியும் உள்ளே போகாத ஒரு தொழிலாளியின் பெயர் எங்கே நிற்கும்? இப்படி ஒரு கட்டத்தில்தான்.

இது வெறும் வம்சாவளி ஆசை என்று நீங்கள் நினைத்தால், பணத்தின் கணக்கையும் பாருங்கள். பி.எஃப். சார்ந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1971 மார்ச் 1 முதல். அதன் பின் வந்த ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல். முந்தைய திட்டத்தில் இருந்த காலம் கடந்தகாலச் சேவையாகப் புதியதில் சேரும். பத்து வருஷத் தகுதிக்குச் சில மாதம் குறைகிறது என்று நிற்பவர்களுக்கு அந்தச் சில மாதத்தைக் காட்டக்கூடியது ஆலையின் ஏடு. பி.எஃப். ஆண்டுக் கார்டான படிவம் 3ஏ-வில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் ஆண்டு மார்ச் மாதச் சம்பளத்தில் தொடங்கி பிப்ரவரிச் சம்பளத்தில் முடியும். மார்ச்சில் சேர்ந்தவரை முந்தைய ஆண்டுக் கார்டில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. அதே கார்டில் சம்பளமில்லா நாள்களும் குறிக்கப்பட்டிருக்கும். கதவடைப்புக் காலம் சேவை முறிவாகத் தவறாகப் பதிந்திருந்தால் மஸ்டரை வைத்துத்தான் மறுக்க முடியும். கிராஜுவிட்டி நாமினேஷனான படிவம் எஃப், இ.எஸ்.ஐ. உறுதிமொழிப் படிவம், விபத்துப் பதிவேடு, 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி நடந்த வழக்குகளின் கட்டு ஆகியவையும் அந்த அறையில் இருக்க வேண்டியவை. விபத்தில் இறந்தவரைச் சார்ந்திருந்தவர்கள் யார் யார் என்பது இழப்பீட்டுக் கட்டில் பெயரோடு வரும்.

எல்லாவற்றையும் பூட்டிக் காக்கச் சொல்லவில்லை. கேன்டீன் கூப்பன் அடிக்கட்டை, பஞ்சு லாரி கேட் பாஸ், எழுதாத படிவக் கட்டுகள், மின்கட்டண நகல் எல்லாம் தாராளமாகப் போகலாம். பாதிக்கு மேல் அதுதான் இருக்கும் என்பது எங்கள் அனுபவம். ஆலைக் குடியிருப்புப் பதிவேட்டையும் ஆலைப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டையும் மட்டும் அந்தக் குவியலில் சேர்த்துவிடாதீர்கள். எந்த லயன் (வரிசை) வீட்டில் எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு இருந்தது என்று குடியிருப்புப் பதிவேடு சொல்லும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற பத்தியில் இலாகாவையும் எழுதியிருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறோம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 347: கலைப்பு முழுவதும் முடிந்து கம்பெனி இல்லாமல் ஆகும் தறுவாயில், அதன் ஏடுகளையும் காகிதங்களையும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் சொல்லும் விதத்தில்தான் அப்புறப்படுத்தலாம். பழைய சட்டப்படி நடக்கும் கலைப்பாக இருந்தால் 1956 சட்டத்தின் 550-ஆம் பிரிவு அதே விஷயத்தைப் பேசுகிறது. உங்கள் ஏலப் பட்டியலில் அப்படி ஓர் உத்தரவின் எண்ணோ தேதியோ இல்லை. நாட்டுடைமையான ஆலைகளுக்கு 1993-ஆம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டமும் உண்டு. முறைப்படி அல்லாமல் அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1892-க்கு முந்தைய ஆவணத்தை, ஆவணமாக எந்தப் பயனுக்கும் உதவாதபடி சிதைந்துபோனதாக ஆவணக் காப்பகத் தலைமை இயக்குநர் கருதினாலொழிய, அழிக்கவே கூடாது. எங்கள் ஊர் ஆலை தனியார் ஆலை. இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்பது தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கும் வேறு சிலருக்குப் பொருந்தலாம்.

அந்தரங்கம் என்று ஒரு தடை சொல்லப்படும். அது நியாயமான தடைதான். சர்வீஸ் கார்டில் சாதி எழுதியிருக்கும், சார்ஜ் ஷீட் இணைத்திருக்கும், மருத்துவர் குறிப்பும் இருக்கும். அதையெல்லாம் இணையத்தில் ஏற்றி யாரும் பார்க்கட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. யாராவது கேட்டால் எதிர்ப்போம். நாமினேஷன், தண்டனை, மருத்துவம் ஆகியவை நேரடி வாரிசுக்கு மட்டும், உறவுக்குச் சான்று காட்டினால் மட்டும் என்று வைக்கலாம். ஆனால் அந்தரங்கத்தின் பெயரால் எடைக்குப் போடுவது என்ன நியாயம்? நாமினேஷன் தாளில் பஜ்ஜி மடிக்கும்போது அந்தரங்கம் எங்கே போகும்? அரசு அலுவலகங்களில் இருக்கும் பழைய தகவலுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) ஒரு வழி வைத்திருக்கிறது. இருபது ஆண்டு கடந்த நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டுப் பாதுகாப்பு போன்ற மூன்று விலக்குகள் நீங்கலாக, தர வேண்டும். சொந்த விவரம் என்பது அந்த மூன்றில் இல்லை.

இனி அறையின் நிலை. கூரை ஒழுகுகிறது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டும். ஈரமான லெட்ஜரை வெயிலில் காயப்போடச் சொல்லாதீர்கள். தாள் முறுகும், மை வெளிறும். ஒட்டிய தாள்களைக் கத்தியால் பிரிக்கக் கூடாது. நிழலில் நிமிர்த்தி வைத்து, பத்துத் தாளுக்கு ஓர் உறிஞ்சுதாள் செருகி, மின்விசிறியை நேராகப் படாமல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தானே விடும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டக் கூடாது. பத்து வருஷத்தில் டேப் போய், பசை மஞ்சளாகி, எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிடக் கேடு. கரையான் ஏறிய கட்டைத் தனி அறையில் வைத்துத் தட்டிவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். சணல் கயிறு தாளின் ஓரத்தை அறுக்கும். அகலமான பருத்தி நாடாதான் கட்ட வேண்டும். எண் போட பென்சில் மட்டும்.

படமெடுக்க ஸ்கேனர் வேண்டாம். தைத்த லெட்ஜரை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தால் முதுகு உடையும். ஸ்டாண்டில் நேராகக் கவிழ்த்து மாட்டிய ஒரு நல்ல செல்போன், ஜன்னலிலிருந்து வரும் பக்கவாட்டு வெளிச்சம், புரட்ட ஒருவர், எடுக்க ஒருவர். 400 பக்க லெட்ஜர் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு ஜோடி நாளைக்கு நான்கு லெட்ஜர் முடிக்கலாம். ஒவ்வொரு லெட்ஜரிலும் முதல் படம் அட்டை. வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடையில் தாள் காணாமற்போனதா, எழுதவே இல்லையா என்று பின்னால் தெரியாது. கோப்பின் பெயரில் இலாகா, ஆண்டு, பக்க எண் மூன்றும் அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம். ஏலப் பட்டியலிலிருந்து அந்த வரியை உடனே நீக்கி, நீக்கியதை எழுத்தில் அறிவியுங்கள். ஏற்கெனவே யாரேனும் முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய காகிதத்துக்குக் கட்டிய தொகை பெரிதாக இருக்க வழியில்லை. தீர்ப்பாயத்திடம் 347-ஆம் பிரிவின்படி வழிகாட்டுதல் கேட்கும்போது, மஸ்டர், தொழிலாளர் பதிவேடு, சர்வீஸ் கார்டு, பதிலி உதிரிகள், பி.எஃப். படிவங்கள், விபத்து மற்றும் மகப்பேறு பதிவேடுகள், குடியிருப்பு, பள்ளிக்கூட ஏடுகள் ஆகியவற்றை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ அவர்கள் ஏற்கும் வேறு பொது நிறுவனத்துக்கோ ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். ஒப்படைக்கும் முன் படமெடுக்கவும், ஒரு படியை நம் ஊர் நூலகத்தில் வாரிசுகள் பார்க்க வைக்கவும் அனுமதி தாருங்கள். ஓய்வூதியக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கும் விதவைகளுக்கும் தேவையான பக்கத்தின் சான்றிட்ட நகலை, விண்ணப்பித்த 30 நாளுக்குள், நகலெடுக்கும் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆலை மூடியபின் அந்தப் பக்கத்தில் கையெழுத்திட உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில், டைம் ஆபீஸ் அறையை உங்கள் பிரதிநிதி ஒருவர், பழைய தொழிற்சங்கத்தார் ஒருவர், எங்களில் இருவர் முன்னிலையில் திறந்து பட்டியல் எடுக்க ஒரு நாள் குறியுங்கள். நாள் தெரிந்தால் பருத்தி நாடா, உறிஞ்சுதாள், பென்சில், அட்டைப்பெட்டி எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். அதுவரை அந்த அறைச் சாவி ஏலக்காரர் கைக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலைக் குடும்பங்களுக்காகப் பதிவேடு தேடுவோர்